சலூன் கண்ணாடியில் என் பெயர்

"படிச்சிருக்க, சரி. ஆனா ஆம்பள உருவம் வரைய வருமா உனக்கு? ஒரு ஆள உத்துப் பாத்து வரையணும்லம்மா."

கேட்டவர் சபாபதி முதலாளி. மலாக்கா டவுனில் கடிகாரமும் கிராமபோனும் இசைத்தட்டும் விற்றவர். கேட்கும்போது அவருடைய ஒரு கையில் கோப்பிக் குவளை இருந்தது. இன்னொரு கையில் நான் கொண்டுபோன மாதிரிப் படங்கள். கோப்பி படங்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஒங்களையே இப்ப வரைஞ்சு காட்டட்டா மொதலாளி?" என்றேன்.

அவர் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேணாம், வேணாம். நம்பறேன்."

அந்த வேலை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். திறமையால் கிடைத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அவருடைய வயிற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

வேலை, ஒரு கித்தார்க்காரரின் இசைத்தட்டுக்கு உறைப்படம் வரைவது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் ஊருக்கு வந்த தட்டுகள் பழுப்புத் தாள் உறையில் வரும். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பாடியவர் பெயரைப் படித்துக்கொள்ள வேண்டும். உறையில் படம் போடுவதெல்லாம் வெள்ளைக்காரத் தட்டுகளுக்குத்தான். அப்படிச் சிலதைச் சிங்கப்பூர்க் கடை ஒன்றில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. நாடே புதிதாகிவிட்டது, தன் கடையில் மட்டும் பழுப்புத் தாளா என்று தோன்றியிருக்கிறது.

இங்கே ஒரு சின்ன இடைவேளை. இந்தத் தொடரைப் படிக்கும் ஐயா ஒருவர், இன்னும் முப்பதைத் தொடாத பெண்ணுக்கு நினைவுக் குறிப்பு எதற்கு என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டாராம். ஆண்கள் எழுபது வயதுக்கு மேல் எழுதுகிறார்கள். அதற்குள் சாட்சிகள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், எழுதுகிறவருக்கு வசதி. என் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் திடமாக இருக்கிறார்கள். ஐயா யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

முருகன் கையில் கித்தார்

என்னிடம் வருவதற்கு முன் முதலாளி கோயிலுக்குப் படம் எழுதும் ஓவியர் ஒருவரிடம் போயிருந்தார். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். கித்தார்க்காரரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். காலடியில் மயில். வேல் இருக்க வேண்டிய இடத்தில் கித்தார். நிறம் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில்.

கித்தார்க்காரர் அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அவர் பெயர் திருவேங்கடம் பிள்ளை. காஜா பெராங்கில், செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் வீடு. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேர் விட்டவர்கள் மலாக்கா செட்டிகள். பெயரைக் கேட்டால் இப்போதுதான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவர் மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் மலாய். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், சட்டையில் லேசாக பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாசம். ஊரில் எல்லாருக்கும் அவர் 'பாங் திரு'. பாங் என்றால் மலாயில் அண்ணன். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் 'தங்கச்சி' ஒன்று. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மற்றதெல்லாம் மலாயில் பேசுவார், நானும் மலாயில் பதில் சொல்வேன்.

டவுன் தமிழ்ப் பெரியவர்களுக்கு இதில் தீராத வருத்தம். "நெத்தியில திருநீறு, வாயில மலாயா?" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொண்ட கையோடு பசாருக்குப் போய், மீன்காரியிடம் "பெராப்பா, பெராப்பா" என்று விலை கேட்பார்கள்.

பாங் திரு மைக்கோ பெரிய வாத்தியக் குழுவோ இல்லாமல் வாசிப்பார். ஒரு மர முக்காலி, ஒரு கித்தார், அவர் குரல். கல்யாண வீட்டில் அவர் வாசிக்கத் தொடங்கினால் அடுக்களையில் தேங்காய் திருகும் சத்தம் நிற்கும். அதற்கு மேல் எனக்கு இசையை விவரிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் கை எப்படி இருக்கும் என்பது.

எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் அப்பா ஒருவர்தான். அது அங்கே வாய்க்கால் அடைப்பு எடுக்க.

அப்பா நகராட்சித் தொழிலாளி. அவர் என்னைப் பள்ளிக்கு அனுப்பியதற்குப் பெரிய இலட்சியம் ஏதாவது சொல்வார் என்று நானும் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "நான் வேல செய்யற வாய்க்கா அங்கதானே போவுது. உம்மேல ஒரு கண்ணு இருக்கும்" என்பதுதான் பதில். வாய்க்கால் வேறு தெருவில் போயிருந்தால் நான் இன்றைக்கு ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் வாளி தூக்கிக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் பொங்கலுக்கு வரும்போதெல்லாம் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். படித்தால் பெண்ணுக்குக் கண் உள்ளே போய்விடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை என்பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றம்.

பள்ளி முடித்ததும் டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துவது, ஓரத்தில் வாழைமரமும் குத்துவிளக்கும் வரைவது. அச்சு எழுத்து இடம் வலம் மாறித்தான் இருக்கும், தாளில் அழுத்தும்போதுதான் நேராகும். அதைப் படித்துப் படித்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடக்கும் எழுத்தும் எனக்கு நேர் எழுத்தும் ஒன்றாகிவிட்டன.

ஊரில் கல்யாணமாகிறவர்கள் பெயரெல்லாம் என் கை வழியாக அச்சேறின. எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் எதிலும் அச்சானதில்லை. எங்கள் கல்யாணங்களுக்குப் பத்திரிகை கிடையாது. போகிற வழியில் சொல்லிவிட்டுப் போவதுதான்.

அதனால் முதலாளியிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். படத்தின் மூலையில் 'தவமணி' என்று என் கையெழுத்து இருக்கும்.

"பொம்பளப் பிள்ள பேரு எதுக்கும்மா வெளிய? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் பாத்தான்னா?"

"பாத்தான்னா தட்ட வாங்கிட்டுப் போவட்டும், மொதலாளி. ஒங்களுக்கு வியாபாரம்தானே."

வியாபாரம் என்றதும் முகம் மாறியது. சரி என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தார். "பேரு நெலைக்கணும்னா கையில பச்ச குத்திக்க. தட்டு கீழ விழுந்தா ஒடைஞ்சிரும்" என்றார். அதைத்தான் வாழ்த்தாக எடுத்துக்கொண்டேன்.

ஊர் முழுவதும் ஏற முடியாத உறை

அந்த நாள்களில் சவர்க்காரத்தில் கொடி, பிஸ்கோத்து டின்னில் கொடி, குடையில் கொடி. மழை பெய்தால் தெருவே பதவியேற்பு விழா மாதிரி இருக்கும். முதலாளியும் கொடியில் ஆரம்பித்தார். பிறகு பழைய கோட்டை வாசல் வேண்டும் என்றார். ஆறு வேண்டும், ஆற்றில் சரக்கேற்றும் தொங்கான் படகு ஒன்று வேண்டும். மலாயா என்றால் புலி இல்லாமல் எப்படி? எல்லாவற்றுக்கும் மேலே அவர் கடைப் பலகை வேண்டும்.

"ஒற சின்னது, மொதலாளி. ஊரே ஏறினா பாங் திருவுக்கு ஒக்கார எடம் இருக்காது."

"ஆளு சின்னதா இருக்கட்டுமே. பாட்டுதான் காதுல கேக்குதே."

நாள் கணக்கில் பேரம் நடந்தது. புலி போயிற்று. தொங்கான் போயிற்று. கோட்டை இடிந்தது. கொடியை எடுக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. கொடியின் கோடுகளில் ஒன்று குறைந்தாலும் கூடினாலும் யாராவது போலீசில் சொல்வார்கள் என்றேன். எடுத்துவிட்டார். கடைப் பலகை மட்டும் அசையவில்லை.

அந்தப் பலகையில் 'சபாபதி அண்டு சன்ஸ்' என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். முதலாளிக்கு மகன்கள் இல்லை. மூன்று பெண்கள். மூத்தவள் பத்மாதான் கடையில் கணக்கும் பார்த்தாள், கடிகாரத்துக்குச் சாவியும் கொடுத்தாள். பிறக்காத மகன்கள் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

பீச்சாங்கை

கடை வாசலில் பலகைக்குக் கீழே முக்காலி போட்டு பாங் திருவை உட்கார வைத்து வரைந்தேன். நாலாவது நிமிடம் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெச்சாக்காரர் ஒருவர் தன் சைக்கிள் ரிக்ஷாவை நிறுத்திவிட்டு, "மூக்க கொஞ்சம் சின்னதாப் போடும்மா, பாவம், நல்ல மனுசன்" என்று சிபாரிசு செய்தார். யாரோ பொட்டணத்தில் கச்சான் கடலை வாங்கிவந்து விநியோகித்தார். நான் ஓர் ஆணை உற்றுப் பார்ப்பதை ஊரே உற்றுப் பார்த்தது.

பாங் திரு இடக்கைக்காரர். சின்ன வயதில் அண்ணனுடைய கித்தாரைத் திருட்டுத்தனமாக எடுத்து, தனக்கு வசதியாகத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தானே கற்றுக்கொண்டவர். தந்திகளை மாற்றிக் கட்டவில்லை. அதனால் மற்றவர்களுக்கு மேலே இருக்கும் தடித்த தந்தி அவருக்குக் கீழே இருக்கும். சாப்பாடு வலக்கையில், பாட்டு இடக்கையில். அந்த இடக்கை தந்திகளின் மேல் இறங்கும் விதத்தைத்தான் நான் வரைய விரும்பினேன். மற்றதெல்லாம், மூக்கு உட்பட, அந்தக் கைக்காக.

முடித்துக் கொடுத்ததும் முதலாளி படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, பீச்சாங்கையால வாசிக்கிறாப்ல இருக்கு?"

"அவரு அப்படித்தானே வாசிக்கிறாரு."

"வாசிக்கட்டும், யாரு வேணாங்கறா? படத்துல எதுக்கு? மங்களமா ஒரு பொருள் வெளிய வருது. வாங்கறவன் மொதல்ல பீச்சாங்கையிலதான் முழிக்கணுமா? சோத்தாங்கையா மாத்திரு."

"மாத்தினா அது வேற ஆளு. தட்டுல கேக்கறதும் அந்தக் கைதானே, மொதலாளி. அத என்ன செய்வீங்க?"

"சத்தத்துக்கு எந்தக் கைன்னு தெரியாதும்மா" என்றார். நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மாற்ற மாட்டேன் என்றேன். முதலாளி, "சரி, ஒன் இஷ்டம்" என்று படத்தை எடுத்து உள்ளே வைத்தார். அவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்ததை என் வாதத்தின் வலிமை என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு வருகிற வியாதி அது.

எங்கள் அச்சகத்தில் வண்ணப் படம் அடிக்க முடியாது. படம் சிங்கப்பூருக்குப் பார்சலில் போனது. முதலாளிதான் அனுப்பினார்.

லட்டுத் தட்டும் சயாம் எழுத்தும்

உறைகள் வந்த அன்று கடையில் சின்ன விழா. கோயில் கமிட்டித் தலைவர், நகராட்சி உறுப்பினர் ஒருவர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள். நடுவில் லட்டுத் தட்டு. பாங் திரு சலவை செய்த சாரோங்கில் மூலையில் நின்றார். நானும் புதுச் சேலையில் போயிருந்தேன். என் பெயரை முதலில் எப்படிப் பார்ப்பது, உடனே பார்ப்பதா, கொஞ்ச நேரம் பார்க்காததுபோல் இருப்பதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

முதலாளி கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, முதல் உறையை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். அடுத்தடுத்து எல்லார் கைக்கும் போனது. மை வாசம் இன்னும் போகவில்லை.

தலைவர் உறையைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

பத்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பா, நம்ம கடப் பேரு என்னப்பா சயாம் எழுத்து மாதிரி இருக்கு?"

மேலே ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், தலைப்பு ஒழுங்காக இருந்தது. அது சிங்கப்பூரில் அச்சுக் கோத்தது. அதற்குக் கீழே இருந்த படம் முழுவதும் இடம் வலமாகப் புரண்டு கிடந்தது. பாங் திரு வலக்கையால் வாசித்தார். சபாபதியும் பிறக்காத மகன்களும் வலமிருந்து இடமாக முதுகைக் காட்டி நடந்தார்கள். மூலையில் என் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் படிப்பது சுலபம். அந்த அறையில் எனக்கு மட்டும்தான்.

"பொண்ணு மாத்தி வரைஞ்சிருச்சு" என்றார் முதலாளி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "படிச்ச பொண்ணாச்சேன்னு நம்பிக் குடுத்தேன். எடது வலது தெரியல."

"நான் நேராத்தான் வரைஞ்சேன், மொதலாளி."

"அப்ப பஸ்ல போவும்போது தானா திரும்பிப் படுத்துக்கிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காத ஆசிரியர் ஒருவர் என்னைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். அது சிரிப்பைவிட மோசம். நான் வரைந்த படம் திரும்பி வரவில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் அச்சகத்துக்குப் போனால் என் மேசையில் கல்யாணப் பத்திரிகை எதுவும் இல்லை. "கொஞ்ச நாளைக்கு நீ பாக்க வேணாம், தவமணி. மாப்பிள்ள பேரும் பொண்ணு பேரும் எடம் மாறிருச்சுன்னா வம்பு" என்றார் அச்சக உரிமையாளர். தாள் எண்ணி அடுக்கும் வேலை கொடுத்தார். தோட்டத்துச் சொந்தக்காரர்களும் விசாரித்து ஆள் அனுப்பினார்கள். கண் உள்ளே போகவில்லை என்றாலும் பார்வை திரும்பிவிட்டது என்று அவர்கள் ஒருவழியாகத் திருப்தியடைந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பாங் திரு எங்கள் வீட்டுக்கு வந்தார். தகரக் கூரையில் மழை. உறையை மடியில் வைத்து, படத்தில் இருந்த தடித்த தந்தியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"வலது கை வாசிக்கிறது, தடித்த தந்தி கீழே இருக்கிறது. இந்தக் கித்தாரை வாசிக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை, தங்கச்சி" என்றார் மலாயில். "இது நானில்லை. ராமு சலூனுக்குப் போய்ப் பார். அங்கே நான் நானாக இருக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சலூன்

காஜா பெராங் சாலையில் ராமு அண்ணனின் முடிவெட்டும் கடை. கடைக்குள் எந்தப் பெண்ணும் போனதில்லை. போகக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். வாசலோடு அம்மா நின்றுவிட்டார். "நான் வரல. ஆம்பளைங்க மூஞ்சில சோப்போட ஒக்காந்திருப்பாங்க. நீ போறதுன்னா போ, சீக்கிரம் வா."

கதவருகே ஒரு வெள்ளைக் குடை சாத்தியிருந்தது. மலாக்காவில் வெள்ளைக் குடை பிடித்தவர் ஒருவர்தான். அதைப் பார்த்த பிறகுதான் நான் திரைத்துணியை விலக்கினேன்.

பவுடர் வாசம். பெஞ்சில் ஐந்தாறு பேர். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்த ராமு அண்ணன் அப்படியே நிறுத்தினார்.

"என்ன பாப்பா, வழி மாறி வந்துட்டியா?"

"வழியெல்லாம் சரிதான், அண்ணே. எம் பேரப் படிக்க வந்தேன்."

பின்சுவரில் அந்த உறையை ஆணி அடித்து மாட்டியிருந்தார். எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி. நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தன் முகத்துக்கு மேலே, கண்ணாடிக்குள், அந்த உறை தெரியும். நானும் பார்த்தேன். பாங் திரு இடக்கையால் வாசித்துக்கொண்டிருந்தார். பலகை ஒழுங்காக நின்றது. மூலையில், நான் எழுதியபடியே, 'தவமணி'.

எத்தனையோ பேர் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு என் பெயரைப் படித்திருக்கிறார்கள். நான் அன்றைக்குத்தான் படித்தேன்.

பிறகு பெஞ்சைப் பார்த்துத் திரும்பினேன். "பாங் திரு எந்தக் கையால வாசிப்பாரு?"

"பீச்சாங்கைதான். ஊருக்கே தெரியுமே" என்றார் ஒருவர்.

"செவுத்துல இருக்கிற படத்துல?"

எல்லார் தலையும் திரும்பியது. "சோத்தாங்கை."

"கண்ணாடியில?"

"பீச்சாங்கை."

"கண்ணாடியில கடப் பேரு எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு. மேல இருக்கிற தலைப்புதான் இப்பப் பொரண்டு போச்சு."

"தலைப்பு நான் போட்டதில்ல, சிங்கப்பூர்ல கோத்தது. நான் வரைஞ்சது கண்ணாடியில இருக்கிற படம். எடது வலது தெரியாம வரைஞ்சிருந்தா, கையும் பலகையும் எம் பேரும் ஒண்ணுபோல எப்படிக் கண்ணாடியில நேராவும்? அங்க யாரோ என் படத்தப் புடிச்ச ஃபிலிமத் திருப்பிப் போட்டிருக்காங்க. திருப்பச் சொன்னது யாருன்னுதான் தெரியல."

நாற்காலியில் இருந்தவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கழுத்து வரை வெள்ளைத் துணி. ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, இன்னொன்றில் நுரை. ராமு அண்ணன் மெதுவாக நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். கத்தி அவர் தொண்டைக்கு நாலு விரல் தள்ளி இருந்தது. உண்மை பேச நல்ல இடம்.

"மொதலாளி, ஒங்களுக்கு ஏதாச்சும் வெவரம் தெரியுமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார் ராமு அண்ணன்.

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நல்ல காரியத்துல பீச்சாங்கை வேணாம்னுதானேய்யா சொன்னேன். படத்தத் திரும்ப வரைய வேணாம், ஃபிலிமத் திருப்பினாப் போதும்னு அந்த சிங்கப்பூர்க்காரன் சொன்னான். பலகையும் சேந்து திரும்பும்னு எவன் சொன்னான்?"

"எவளையாவது கேட்டிருக்கலாமே, மொதலாளி" என்றேன்.

பெஞ்சு வெடித்தது. ஒருவர் சிரித்த சிரிப்பில் பவுடர் டப்பா கீழே உருண்டது. முதலாளியால் எழுந்து போகவும் முடியவில்லை. பாதி முகம் பாக்கி இருந்தது.

வெளியே வந்தால் அம்மா திரைத்துணிக்கு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஒன்றையும் விடாமல் கேட்டிருக்கிறார்.

"பேரு சரியா இருந்துச்சா?"

"கண்ணாடியில சரியா இருந்துச்சும்மா."

"அப்ப தட்டோட ஒரு கண்ணாடியும் சேத்து விக்கச் சொல்லு அந்தாள."

இரண்டாவது தட்டு

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. புரண்ட உறையைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஊர் அந்தத் தட்டை வாங்கியது. கிளேபாங்கிலிருந்தும் புக்கிட் பாருவிலிருந்தும் சைக்கிளில் வந்து வாங்கினார்கள். கிராமபோன் இல்லாத வீட்டிலும் தட்டு இருந்தது, கண்ணாடி எல்லா வீட்டிலும் இருந்ததே. வந்த உறைகள் அத்தனையும் தீர்ந்தன.

முதலாளி அதையும் வீணாக்கவில்லை. "நான் வேணும்னுதான் அப்படிச் செய்யச் சொன்னேன். வியாபார யுக்தி" என்று கமிட்டித் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். மாத்தி வரைந்த பெண் எங்கே போனாள் என்று தலைவரும் கேட்கவில்லை. அச்சக உரிமையாளர் ஒரு காலையில் கல்யாணப் பத்திரிகைகளை என் மேசையில் வைத்துவிட்டு, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அச்சகத்தில் 'மன்னிக்கவும்' என்ற சொல்லுக்கு எழுத்து போதவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது தட்டு போடலாம் என்று முதலாளி சொன்னபோது பாங் திரு ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார். தங்கச்சி வரைந்தால் வாசிக்கிறேன், இல்லாவிட்டால் இல்லை.

முதலாளி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. நேரில் வந்தார்.

"இந்தத் தடவ பீச்சாங்கையாவே இருக்கட்டும்மா. பலகை மட்டும் கொஞ்சம் பெருசா."

"பலகை வேணும்னா உள்ளது உள்ளபடிதான் வரைவேன், மொதலாளி. 'சன்ஸ்' யாரையாச்சும் வந்து கீழ நிக்கச் சொல்லுங்க. ஆம்பள உருவம் எனக்கு நல்லாவே வரும்."

கூட வந்திருந்த பத்மா வாசலில் போன வாத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை அத்தோடு போயிற்று.

இரண்டாவது உறையில் முகம் இல்லை, முக்காலி இல்லை, கொடியும் கடையும் இல்லை. ஆறு தந்திகள், தடித்தது கீழே. அவற்றின் மேல் இறங்கும் ஓர் இடக்கை. மூலையில் என் பெயர், முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"பார்சல் நாளைக்குப் போவுது, குடும்மா" என்று கை நீட்டினார் முதலாளி.

"வேணாம், மொதலாளி. நானே எடுத்திட்டுப் போறேன்."

அப்போதே என் கைப்பையில் இரண்டு பஸ் டிக்கெட்டுகள் இருந்தன.

சிங்கப்பூரில் படத்துக்கு அச்சுத் தகடு செய்து அடித்துக் கொடுக்கும் அந்தக் கடை ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. திராவக நெடி. அம்மா சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த சீனர் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவையும் திருப்ப வேண்டுமா என்று மலாயில் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் நேரில் வந்தேன் என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் என்றேன்.

சாயங்காலம் துத்தநாகத் தகடு தயாரானது. ஈரம் துடைத்து என் முன் வைத்தார். வலக்கை. மூலையில் என் பெயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் கை தெரியும். "ஏ தவமணி, மறுபடியும் திருப்பிட்டானா?"

"இல்லம்மா. தகட்டுல இப்படித்தான் இருக்கணும்."

கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துத் தகட்டுக்கு எதிரே பிடித்தேன். கை இடக்கையானது. பெயர் நேரானது. அம்மா கண்ணாடியைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், சீனரை ஒரு முறை முறைத்தார்.

அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மலாக்காவுக்குக் கடைசி பஸ் எப்போது என்று அம்மா கேட்டார். முதல் தாள் வெளியே வந்த பிறகு என்றேன்.